சனிக்கிழமைப் பூட்டு

"வாரத்துல ஆறு நாள் கூடத்தைத் திறக்குறீங்க. சனிக்கிழமை மட்டும் ஏன் மாஸ்டர் பூட்டு?"

மாசிலாமணி மாஸ்டர் உடற்பயிற்சிக் கூடத்து இரும்புத் தட்டுகளுக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். கடலோரத்து ஊர். ஒருநாள் தடவாமல் விட்டால் மறுநாளே இரும்பு துரு பூத்துவிடும்.

"சனிக்கிழமை இரும்பைத் தொட்டா சனி பிடிக்கும்," என்றார்.

சுற்றி நின்றவர்கள் பதினெட்டுப் பேர். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். இரண்டு பேர் கன்னத்தில்கூடப் போட்டுக்கொண்டார்கள்.

கேட்டவன் மட்டும் சிரித்தான்.

அங்கேதான் பிசகு ஆரம்பித்தது.

*

கேட்டவன் பேர் இளம்பரிதி. அச்சகத்தில் வேலை. வயசு நாற்பத்து நாலு. மாஸ்டருக்கும் அதே வயசுதான்.

பரிதியின் அப்பா கருப்புச் சட்டைக்காரர். பூனை குறுக்கே வந்தால், "பாவம், அதுக்கு என்ன அவசரமோ" என்று பூனைக்கு வழிவிட்டுப் போகிற மனுஷர். மகன் கல்யாணத்தை ராகுகாலம் பார்த்து, சரியாக அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் நடத்தி முடித்தார்.

அப்பேர்ப்பட்ட வீட்டுப் பிள்ளையிடம் போய்ச் சனியைச் சொன்னார் மாஸ்டர்.

*

அவன் கூடத்துக்கு வந்த முதல் நாள் இப்படித்தான் பேச்சு நடந்தது.

"இந்த வயசுல எதுக்கு வந்திருக்க? போட்டிக்கா?"

"இல்ல மாஸ்டர்."

"கண்ணாடியில பாத்துக்கவா?"

"இல்ல. என் இணையரைத் தூக்கணும்."

"எதைத் தூக்கணும்?"

"என் மனைவியை."

கூடமே சிரித்தது. "அதுக்கெல்லாம் கூடமா? மல்லிகைப் பூ ரெண்டு முழம் போதுமேண்ணே!" என்று ஒருத்தன் கத்தினான்.

பரிதி கோபப்படவில்லை. சிரித்து முடிக்கட்டும் என்று நின்றான். பிறகு சொன்னான்.

பொற்கொடி ஆறு வருஷத்துக்கு முன்னால் மழை நனைந்த படிக்கட்டில் வழுக்கி விழுந்தாள். இடுப்புக்குக் கீழே எல்லாம் அன்றோடு போயிற்று. கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து குளியலறை, அங்கிருந்து மறுபடி கட்டில். ஒரு நாளைக்கு ஆறு தடவை தூக்க வேண்டும். ஐம்பத்திரண்டு கிலோ. போன மாசம் தூக்கும்போது அவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அவளை அந்தரத்தில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் அசையாமல் நின்றிருக்கிறான்.

சிரித்தவர்கள் தட்டுகளை எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டார்கள்.

"நாளைக்கு வா," என்றார் மாஸ்டர்.

*

சனிக்கிழமைக் கேள்விக்கு வருவோம்.

சிரித்து முடித்துப் பரிதி கேட்டான்.

"அவளைத் தூக்குறதுக்கு எனக்கு லீவு கிடையாது மாஸ்டர். சனிக்கிழமையும் ஆறு தடவைதான். அப்ப சனி எங்க போறாரு? பெட்டிக்கடைக்கா?"

"அது வேற. இது வேற."

"என்ன வேற?"

மாஸ்டர் சட்டையின் இடது கையை இழுத்து விட்டுக்கொண்டார்.

எந்த வெயிலிலும் அவர் முழுக்கைச் சட்டைதான். பயில்வான்கள் எல்லாம் பனியனோடு திரிகிற கூடத்தில் அவர் மட்டும் மணிக்கட்டுவரை பொத்தான் போட்டிருப்பார். சொல்லிக் கொடுக்கும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வலது கையால் மட்டும் காட்டுவார். அது அவர் மிடுக்கு என்று பசங்கள் நினைத்தார்கள். நாலு பேர் அதே மாதிரி நிற்கவும் பழகியிருந்தார்கள்.

"சொன்னதைக் கேளு தோழர். சனிக்கிழமை பூட்டு பூட்டுதான்."

அவனைத் தோழர் என்றுதான் கூப்பிடுவார். பாதி கேலி, பாதி மரியாதை.

*

கூடத்துக்குப் பூட்டு போடலாம். கொல்லைக்கு யார் பூட்டு போடுவது?

பரிதி இரண்டு காலி பெயிண்ட் டப்பா வாங்கினான். ஒரு சாண் இரும்புக் குழாயை நடுவில் வைத்தான். இரண்டு டப்பாவிலும் சிமெண்டைக் குழைத்து ஊற்றிக் காயவிட்டான். பெரிய உடுக்கை மாதிரி ஒரு சாமான் ஆயிற்று.

சனிக்கிழமை அச்சகம் அரை நாள். மத்தியானம் வந்து சாப்பிடுவான். பொற்கொடியைத் தூக்கி நாற்காலியில் வைப்பான். கொல்லைக்குப் போவான். அந்த உடுக்கையைத் தலைக்கு மேலே ஏற்றுவான், இறக்குவான்.

ஜன்னல் வழியாகப் பொற்கொடியின் குரல் வரும்.

"பரிதி."

அவள் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். கல்யாண மேடையிலேயே பேசி வைத்துக்கொண்டது.

"சொல்லு கொடி."

"கொஞ்ச நேரம் இப்படி வந்து உக்காரேன்."

"இன்னும் இருபது தடவை பாக்கி."

"ஒருநாள் சும்மாதான் இரேன்."

"நீயுமா? நாள் கிழமை பாக்குற வீடா நம்ம வீடு?"

"நான் சனியைச் சொல்லல."

"வேற எதைச் சொல்ற?"



டொம் என்று டப்பா தரையில் உட்கார்ந்த சத்தம் கேட்டது. மறுபடி ஏறியது.

*

மூன்று மாசத்தில் பரிதி தேறிவிட்டான். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

முன்பெல்லாம் அவளைத் தூக்கும்போது முக்குவான், பல்லைக் கடிப்பான். இப்போது குனிந்தால் தெரியாது, நிமிர்ந்தால் தெரியாது. அவளை மார்போடு அணைத்து எழுந்திருப்பான். அவள் முகம் அவன் வலது தோளைத் தாண்டிப் பின்பக்கம் போகும். காது அவன் தோள்மூட்டின் மேல் பதியும்.

தூக்குவான். வைப்பான். ஓடுவான். அச்சகத்துக்கு ஓட்டம், கூடத்துக்கு ஓட்டம், கடைக்கு ஓட்டம்.

பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்காதான் பகலில் வந்து எட்டிப் பார்த்துக்கொள்வார்.

"உன் புருஷன் உன்னைக் காத்தடிச்ச தலகாணி மாதிரி தூக்குறானே, பெரிய ஆளுதான்," என்பார்.

"ஆமாக்கா. தலகாணி மாதிரிதான்," என்பாள் பொற்கொடி.

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடத்தில் பரிதி கையை நீட்டித் தட்டு வாங்கினான். மாஸ்டர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து என்ன பண்ணின?"

"எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சேன் மாஸ்டர்."

மாஸ்டர் அவன் உள்ளங்கையைத் திருப்பினார். ரேகைக்குள்ளே சாம்பல் நிறத்தில் சிமெண்டுப் பொடி.

"இப்ப இந்த நிறத்துலயா எண்ணெய் வருது?"

பரிதி கையை மூடிக்கொண்டான்.

மாஸ்டரின் வலது கை தன் இடது மணிக்கட்டுப் பொத்தானுக்குப் போயிற்று. தொட்டது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

பிறகு திரும்பி வந்துவிட்டது.

"சனி விடாது. பாத்துக்க," என்றார்.

அந்தக் கணம் மாஸ்டர் வாயில் வேறு வார்த்தை வந்திருக்கலாம். வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை பரிதி, சனி பகவானுக்கென்றே இருபது தடவை கூடுதலாகத் தூக்கினான்.

*

கார்த்திகை மாசம், ஒரு திங்கட்கிழமை காலை.

குளியலறையிலிருந்து அவளைத் தூக்கினான். பாதி நிமிர்ந்திருப்பான். ஒரு சத்தம் கேட்டது.

வலது கை தொங்கிப் போயிற்று.

அவளைக் கீழே விடவில்லை. தான் முதலில் தரையில் போய், அவளைத் தன் மேல் வாங்கிக்கொண்டான். அவள் உடம்பில் ஒரு கீறல் இல்லை.

"பரிதி, எந்திரி."

"இதோ எந்திரிக்கிறேன் கொடி."

எழுந்திருக்கவில்லை.

"கையை ஊனி எந்திரி."

"ஊனிட்டுத்தான் இருக்கேன்."

"பொய் சொல்லாத."

ஈரத் தரையில் இரண்டு பேரும் அப்படியே கிடந்தார்கள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மும்தாஜ் அக்கா வந்து கதவைத் தட்டியபோது மணி பத்து.

*

"தோள்ல ஜவ்வு கிழிஞ்சிருக்கு," என்றார் டாக்டர். "இது ஒருநாள்ல கிழிஞ்சதில்ல. கொஞ்சம் கொஞ்சமா தேஞ்சிருக்கு. மூணு மாசம் தண்ணிக் குடத்தைக்கூடத் தொடக்கூடாது."

"அப்புறம்?"

"அப்புறம் சட்டை போட்டுக்கலாம். சாப்பிடலாம்."

"தூக்கலாமா டாக்டர்?"

"எதை?"

பரிதி சொன்னான்.

டாக்டர் பேனாவை மூடினார். "அதை மறந்துடுங்க," என்றார்.

*

மூன்றாம் நாள் சாயங்காலம் மாஸ்டர் வந்தார். வாசலில் செருப்பை விட்டார். பொற்கொடி கட்டிலில் இருந்தாள். பரிதி கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, சுவரோரம் கீழே உட்கார்ந்திருந்தான்.

"வாங்க மாஸ்டர். சனி பிடிச்சிடுச்சுன்னு சொல்லிட்டுப் போக வந்தீங்களா?"

மாஸ்டர் இடது மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றினார். ஒரு மடிப்பு மடித்தார். இன்னொரு மடிப்பு. தோள்வரை மடித்தார்.

முழங்கைக்கு மேலே, சதை இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம். ஒரு கோழிமுட்டையை உள்ளே வைக்கலாம். சதையெல்லாம் மேலே சுருண்டு, தோளோரம் ஒரு உருண்டையாக ஒதுங்கியிருந்தது. கை முழுசாக நீளவும் இல்லை.



பொற்கொடிதான் கேட்டாள்.

"சத்தம் கேட்டுச்சாண்ணே?"

"கேட்டுச்சும்மா. ஈரத்துணியைக் கிழிக்கிற மாதிரி."

"அதே சத்தம்தான்," என்றான் பரிதி.

"மாநிலப் போட்டிக்கு நாலு நாள் இருந்துச்சு. முப்பத்தொரு நாள் விடாம தூக்கினேன். ஒருநாள் விட்டா எவனாவது முந்திடுவானோன்னு பயம். போட்டிக்குப் போகவே இல்ல. இருபத்து ரெண்டு வருஷம் ஆச்சு. என் சம்சாரத்தைத் தவிர இந்தக் கையை யாரும் பாத்ததில்ல."

பரிதி சுவரைப் பிடித்து எழுந்தான்.

"இதைச் சொல்லியிருந்தா கேட்டிருப்பேனே மாஸ்டர். சதைக்கு ஓய்வு வேணும், இல்லன்னா அறுந்துடும்னு சொன்னா எனக்குப் புரியாதா? நான் என்ன முட்டாளா? எதுக்குச் சனியைக் கூட்டிட்டு வந்தீங்க?"

"சொன்னா கேட்டிருப்ப," என்றார் மாஸ்டர். "ஆனா, உங்களுக்கு எப்படித் தெரியும்னும் கேட்டிருப்ப."

பரிதி மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

*

"கூடம் திறந்த அன்னைக்கு ஒருத்தன் கேட்டான், சனிக்கிழமை ஏன் லீவுன்னு," என்றார் மாஸ்டர். "வாய்க்கு வந்ததைச் சொன்னேன். எல்லாரும் பயந்து கேட்டுக்கிட்டாங்க. நல்லதுக்குத்தானேன்னு விட்டுட்டேன். உன் கையில சிமெண்டைப் பாத்த அன்னைக்காவது சட்டையை மடிச்சிருக்கணும். பொத்தான்வரைக்கும் போனேன் தோழர்."

"பாத்தேன்," என்றான் பரிதி. "வெட்டி மிடுக்குன்னு நினைச்சேன்."

"மிடுக்குதான். வேற என்ன?"

பொற்கொடி கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நானும் ஒண்ணு சொல்லணும்."

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"தூக்குறப்ப என் காது அவன் தோள்மேலதான் இருக்கும். ரெண்டு மாசமா உள்ள சத்தம் கேட்டுச்சு. காஞ்ச அவரைக்காயை ஆட்டுற மாதிரி. ஒவ்வொரு தூக்குக்கும் கேட்டுச்சு."

"ஏன் கொடி சொல்லல?"

"சொன்னா தூக்கமாட்டியோன்னுதான்."

மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

தெருவில் ஒரு மீன்காரம்மா கூவிக்கொண்டு போனார். அந்தக் குரல் தெருமுனை திரும்பி மறைந்தது.

*

மறுநாள் காலை மாஸ்டர் கூடத்துப் பசங்களோடு வந்தார். ஒரு நாற்காலியின் இரண்டு பக்கமும் மூங்கில் வைத்துக் கட்டியிருந்தார்கள். முன்னால் ஒருத்தர், பின்னால் ஒருத்தர் பிடித்தால் ஆளோடு நகர்த்தலாம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மும்தாஜ் அக்காவும் மாஸ்டர் சம்சாரமும் போர்வையோடு சேர்த்து மாற்றுவதாக ஏற்பாடு.

"காலையில ரெண்டு பேர், சாயங்காலம் ரெண்டு பேர். முறை போட்டாச்சு," என்றார் மாஸ்டர் பரிதியிடம்.

"தூக்கப் போறது என்னை," என்றாள் பொற்கொடி. "முதல்ல என்னைக் கேளுங்க."

மாஸ்டர் கட்டில் பக்கம் திரும்பினார்.

"தப்புதாம்மா. வரலாமா?"

"வாங்க. ஆனா யாரும் தலகாணின்னு சொல்லக்கூடாது."

அன்றைக்கு மல்லிகைப் பூ என்று கத்தினவன்தான் பின் மூங்கிலைப் பிடித்திருந்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

"சனிக்கிழமை?" என்று கேட்டான் பரிதி.

"சனிக்கிழமை யாரும் வரமாட்டாங்க."

"ஏன், சனிக்குப் பயந்தா?"

"இல்ல."

"அப்ப அன்னைக்கு இவ என்ன பண்றது?"

"படுத்திருக்கட்டும். மும்தாஜ் அக்கா காலையில வந்து உடம்பு துடைச்சுவிடுறேன்னு சொல்லிட்டாங்க."

"நான் என்ன பண்றது?"

மாஸ்டர் அன்றைக்கு அரைக்கைச் சட்டை போட்டு வந்திருந்தார்.

கொல்லைக்குப் போனார். சிமெண்டு உடுக்கையை நல்ல கையால் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு டப்பா கீழே, ஒரு டப்பா மேலே இருக்கும்படி கட்டிலோரமாக நிமிர்த்தி வைத்தார். மேல் டப்பாவின் மேலே ஒரு துண்டை நாலாக மடித்துப் போட்டார்.

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

*

சனிக்கிழமை வந்தது.

அச்சகத்தில் பரிதிக்கு விடுப்பு. கூடம் பூட்டியிருந்தது. மும்தாஜ் அக்கா காலையில் வந்து பொற்கொடிக்கு உடம்பு துடைத்து, தலை வாரிவிட்டுப் போனார்.

பரிதி வாசலுக்குப் போனான். திரும்பி வந்தான். கொல்லைக்குப் போனான். அங்கே ஒன்றும் இல்லை. திரும்பி வந்தான்.

"என்ன, குட்டி போட்ட பூனையா?" என்றாள் பொற்கொடி.

"தூக்கற நேரம் ஆச்சே. கை பரபரங்குது."

"உக்காரு."

சிமெண்டு டப்பா மேல் உட்கார்ந்தான். ஆடவில்லை. நன்றாகத்தான் தாங்கியது.

கைக்கு வேலை இல்லை. என்ன பேசுவது என்றும் தெரியவில்லை. ஜன்னல் வெயில் கட்டில் காலிலிருந்து போர்வைக்கு ஏறியது.

நிமிர்ந்து பார்த்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கொடி?"

"உனக்கு மீசை நரைச்சிருக்கு."

"அது நரைச்சு மூணு வருஷம் ஆச்சே. நீ பாத்ததில்லயா?"

"எனக்கு உன் முதுகுதானே தெரியும்," என்றாள்.